ஏற்றிவிட்டவர்கள் யார்?

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



மொழிபெயர்ப்பைப் பற்றிப் பேச வருகின்றவர்கள் பெரும்பாலும் பெரிய சொற்களைப் பற்றியே பேசுவார்கள். விஞ்ஞானச் சொல்லுக்கு என்ன தமிழ், சட்டச் சொல்லுக்கு என்ன தமிழ் என்று கேட்பார்கள். அவற்றுக்கெல்லாம் அகராதி இருக்கிறது. பதுளை மாவட்டத்துப் பாடசாலைகளில் நீண்ட காலம் ஆங்கிலம் படிப்பித்தவன் என்ற முறையில் நான் கண்டது வேறு. மாணவனைத் தடுக்கி விழுத்துபவை சின்னச் சொற்களே. கம், கோ, புட், கிவ், ரன் என்ற வினைகள். அவற்றின் வாலில் ஒட்டிக்கொள்ளும் அப், ஒஃப், அவுட், பேக் என்ற துண்டுகள். நல்ல, ஏழை, பழைய என்பன போல நாள்தோறும் வாயில் புழங்கும் பெயரடைகள். இவற்றைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகின்றேன். பேச்சு ஸ்பானிய மொழி வரை போகும். ஆனால் தொடங்குவதும் முடிவதும் எங்கள் ஊவாத் தோட்டங்களில்தான்.

சில மாதங்களுக்கு முன்னர் பண்டாரவளையிலிருந்து பதுளைக்குப் புகையிரதத்தில் வந்துகொண்டிருந்தேன். எல்ல நிலையத்தில் வெளிநாட்டு அம்மையார் ஒருவர் ஏறி எனக்கு எதிரே அமர்ந்தார். எல்லயில் ஏறும் உல்லாசப் பயணிகள் வழக்கமாகக் கதவோரம் நின்று படம் பிடிப்பார்கள். இவரோ ஒரு கொப்பியை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, பென்சிலால் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தார். பேச்சுக் கொடுத்தேன். ஸ்பெயின் நாட்டில் ஆங்கிலம் படிப்பிக்கும் ஆசிரியை என்றார். தோட்டத் தொழிலாளர் வரலாறு பற்றி ஆங்கிலத்தில் வாசித்த ஒரு சிறு கட்டுரையைத் தம் மாணவருக்காக ஸ்பானிய மொழியில் பெயர்த்துக்கொண்டிருக்கிறாராம்.

"ஒரு வாக்கியத்தில் மாட்டிக்கொண்டேன்" என்று கொப்பியைக் காட்டினார். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின்னர் பெருந்தொகையான தோட்டத் தொழிலாளர் இந்தியாவுக்கு 'ஸென்ட் பேக்' செய்யப்பட்டனர் என்பது அந்த வாக்கியம். 'பேக்' என்ற சொல்லின் அடியில் அவர் மூன்று கோடுகள் இழுத்திருந்தார். அந்த ஒரு துண்டுச் சொல்லைச் சுற்றியே எங்கள் பேச்சு பதுளை வரை நடந்தது.

ஆங்கிலத்தில் ஒரு வினையோடு சிறு சொல் ஒன்று சேர்ந்து புதுப்பொருள் தருவதை 'ஃபிரேஸல் வேர்ப்' என்பார்கள். தொடர்வினை என்று சொல்லிக்கொள்வோம். 'கிவ்' என்றால் கொடு. 'கிவ் அப்' என்றால் கைவிடு. 'கிவ் இன்' என்றால் பணிந்து போ. 'கிவ் அவே' என்றால் தானம் செய், அல்லது காட்டிக்கொடு. 'புட்' என்றால் வை. 'புட் அவுட்' என்றால் விளக்கை அணை. 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள். வினை ஒன்றுதான். வால் மாறினால் பிராணியே மாறிவிடுகிறது. வினைக்கும் வாலுக்கும் தனித்தனியே பொருள் தெரிந்த மாணவன், இரண்டும் சேர்ந்ததும் திகைத்து நிற்கிறான்.

ஸ்பானிய மொழியில் இந்த வால் வித்தை கிடையாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு வினையைத் தேட வேண்டும். விளக்கை அணைக்க 'அபகார்', பொறுத்துக்கொள்ள 'அகுவந்தார்', பராமரிக்க 'குயிதார்', தேட 'புஸ்கார்'. ஆங்கிலேயர் பத்து வினைகளையும் பத்து வால்களையும் வைத்துக்கொண்டு நூறு காரியம் பார்ப்பார்கள். தாங்கள் நூறு வினைகளைச் சுமந்து திரிகிறோம் என்று அந்த அம்மையார் சொல்லிச் சிரித்தார்.

தமிழ் இதில் எந்தப் பக்கம்? லெனார்ட் டால்மி என்ற அமெரிக்க மொழியியலாளர், அசைவைச் சொல்லும் விதத்தை வைத்து உலக மொழிகளை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். ஒருவன் ஓடி வெளியே வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் ஓட்டத்தை வினையிலும், திசையை 'அவுட்' என்ற வாலிலும் வைக்கிறது. ஸ்பானியம் திசையை முற்றுவினையில் வைக்கிறது. 'சலியோ கொரியெந்தோ', அதாவது வெளிவந்தான், ஓடியபடி. தமிழிலும் அப்படித்தான். 'ஓடி வந்தான்' என்னும்போது ஓட்டம் எச்சமாகி நிற்கிறது, வருகையே முற்றாகிறது. டால்மி தமிழையும் ஸ்பானியம் சார்ந்த வகுப்பிலேயே சேர்த்தார். ஏழு கடல் தாண்டிய மொழி, இலக்கணத்தில் எங்களுக்குப் பக்கத்து லயத்துக்காரராக இருக்கிறது.

இன்னோர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். சீனி முடிந்துவிட்டது. ஆங்கிலத்தில் 'நாங்கள் சீனியை ரன் அவுட் ஒஃப்' என்று, 'நாங்கள்' எழுவாயாக வரவேண்டும். தீர்த்தவர்கள் நாங்கள்தான் என்பது போன்ற ஒரு தொனி அதில் உண்டு. ஸ்பானியர் 'ஸெ நொஸ் அகபோ' என்பார்கள். எங்களுக்குச் சீனி முடிந்துபோயிற்று என்று அப்படியே தமிழாக்கலாம். 1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்ச காலத்தில் எங்கள் லயத்தில் நாள்தோறும் கேட்ட வாக்கியம், "அரிசி முடிஞ்சுபோச்சு" என்பது. அதில் அரிசிதான் எழுவாய். இதை ஆங்கிலமாக்கும் மாணவன், அரிசியைத் தீர்த்தவர்கள் என்று அந்தக் குடும்பத்தையே எழுவாயாக்க வேண்டி வருகிறது. குற்றம் யார்மேல் விழுகிறது என்பதை இப்படியான சின்ன இலக்கணங்களே தீர்மானிக்கின்றன.

ஆங்கிலத்தின் வால்களுக்குத் தமிழில் ஈடு இல்லாமலும் இல்லை. எங்களுடைய துணைவினைகள் அந்த வேலையைப் பார்க்கின்றன. 'ட்ரிங்க் அப்' என்பதில் உள்ள 'அப்'புக்கு 'மேலே' என்ற சொல்லைத் தேடிப் பயனில்லை. 'குடித்துவிடு' என்பதில் உள்ள 'விடு'தான் அந்த 'அப்'. ஒரு சதத்தை ஒதுக்கி வைப்பது 'எடுத்து வை'. கம்பியை விடாமல் பற்றுவது 'பிடித்துக்கொள்'. விடு, வை, கொள், போடு, போ, தள்ளு, தொலை என்று இவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால், ஆங்கில வாலுக்கு இல்லாத ஒரு குணமும் இவற்றுக்கு இருப்பது தெரியும். பேசுபவரின் மனமும் சேர்ந்து வெளிப்பட்டுவிடும். 'வந்துவிட்டான்' என்பதற்கும் 'வந்து தொலைத்தான்' என்பதற்கும் நடுவில் ஒரு குடும்பச் சண்டையே இருக்கிறது.

இவ்வளவும் வகுப்பறைப் பாடம். இனித் தோட்டத்துக்கு வருகிறேன். எங்கள் மலைகளிலே ஆங்கிலமும் தமிழும் சந்தித்தது வகுப்பறையில் நடந்த காரியமன்று. பெரட்டுக்களத்தில் நடந்தது. தொழிலாளரை விடியற்காலையில் வரிசையில் நிறுத்தி வேலை பிரித்துக்கொடுக்கும் இடந்தான் பெரட்டுக்களம். 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல்லே தோட்டத்து நாவில் பெரட்டாயிற்று.

சீமையிலிருந்து வந்து இறங்கிய சின்னத்துரைமாருக்காகத் தமிழ்க் கைநூல்கள் அச்சாயின. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏ. எம். பெர்குசன் என்பவர் கொழும்பில் வெளியிட்ட கையடக்க நூலின் பெயரே 'இங்கே வா' என்பதாகும். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் என்பவரின் நூல் வந்தது. அதன் தலைப்பு 'கூலித் தமிழ்'. இந்த இரு தலைப்புகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தமிழ் எதற்காகக் கற்பிக்கப்பட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

மொழிபெயர்ப்பு நோக்கில் 'இங்கே வா' என்ற தலைப்பை இன்னும் சற்று ஆராயலாம். ஆங்கிலத்தில் 'கம் ஹியர்' என்று அரசரையும் அழைக்கலாம், நாய்க்குட்டியையும் அழைக்கலாம். தமிழில் வா, வாரும், வாருங்கள் என்று படிகள் இருக்கின்றன. ஸ்பானியத்திலும் நெருங்கியவருக்கு 'வென்', மரியாதைக்குரியவருக்கு 'வெங்கா' என்று படி உண்டு. ஆகவே ஆங்கிலத்திலிருந்து இவ்விரு மொழிகளுக்கும் போகிறவர் ஒரு படியைத் தெரிந்தெடுத்தே ஆகவேண்டும். அந்தக் கைநூல் 'வா' என்பதைத் தெரிந்தெடுத்தது. தகப்பன் வயதுள்ள கங்காணியையும், பேரப்பிள்ளை கண்ட கிழவியையும், அன்று இறங்கிய இருபது வயதுச் சின்னத்துரை 'இங்கே வா' என்று கூப்பிடப் பழகியதில் அந்தத் தெரிவுக்கும் பங்கு உண்டு.

மறுபக்கத்தில் தொழிலாளரும் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்கள். கைநூல் இல்லை, அகராதி இல்லை, பலருக்கு எழுத்தும் இல்லை. ஆனாலும் அவர்கள் செய்த மொழிபெயர்ப்பு அருமையானது. 'செக்ரோல்' என்ற பதிவுப் புத்தகத்தில் ஒருவர் பெயருக்கு நேரே அடையாளம் விழுந்தால் அன்றைய சம்பளம் உண்டு. இதிலிருந்து 'பேர்' என்ற சொல்லுக்கே ஒரு நாட் கூலி என்ற பொருள் பிறந்தது. "இன்னைக்குப் பேர் விழுந்துச்சா?" என்றால் சம்பளம் உண்டா என்று கேள்வி. குறித்த இறாத்தல் கொழுந்து எடுக்காவிட்டால் 'அரைப்பேர்'. 'ஸ்ட்ரைக் ஒஃப்' என்ற தொடர்வினைக்கு 'பேர் வெட்டுறது'. "அவன் பேரை வெட்டிப்போட்டாங்க" என்று சொல்லும்போது 'போட்டாங்க' என்ற துணைவினை எவ்வளவு கனமாக விழுகிறது என்று கவனியுங்கள். ஆங்கிலத்தில் 'ஒஃப்' என்ற வால் மௌனமாக நிற்கிறது. தமிழில் வெட்டியவர்கள் அந்த வாக்கியத்துக்குள்ளேயே நிற்கிறார்கள்.

ஒரு மனிதனுடைய பெயரும் ஒரு நாளைய கூலியும் ஒரே சொல்லாகிவிட்டதை எந்த மொழிக்குக் கொண்டுபோவது? அரைப்பேர் என்பதை 'அரைநாட் சம்பளம்' என்று ஆங்கிலமாக்கினால் கணக்குச் சரி. ஆனால் ஆள் பாதியாகிப்போன உணர்வு வராது.

பெயரடைகளிலும் இதே கதைதான். 'புவர்' என்ற ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்வோம். 'புவர் வுமன்' என்றால் பணமில்லாதவளா, பரிதாபத்துக்குரியவளா? ஸ்பானியத்தில் இடத்தை மாற்றி இதைத் தீர்த்துக்கொள்கிறார்கள். 'போப்ரே' என்ற அடை பெயருக்குப் பின்னால் வந்தால் காசில்லாதவர். முன்னால் வந்தால் இரக்கத்துக்குரியவர். தமிழில் ஏழை வேறு, பாவம் வேறு. தோட்டத்து அறிக்கைகளில் 'புவர் பிளக்கர்' என்று எழுதினால் மூன்றாவது பொருளும் வந்துவிடும். கொழுந்து எடுப்பதில் கெட்டிக்காரத்தனம் குறைந்தவள் என்பது அது. ஏழையா, பாவமா, வேலை போதாதவளா என்று மொழிபெயர்ப்பாளர் தீர்மானிக்காமல் ஒரு சொல்லும் எழுத முடியாது.

'ஃபைன்' என்ற சொல் இன்னொன்று. நலமாக இருக்கிறேன் என்பதற்கும் அதுதான், மெல்லிய நூலுக்கும் அதுதான், தண்டப்பணத்துக்கும் அதுதான். துரைமார் சொன்ன 'ஃபைன் பிளக்கிங்' என்பது இரண்டு இலையும் ஓர் அரும்பும் மட்டும் கிள்ளுவது. அதற்கு எதிரானது 'கோர்ஸ்'. எங்கள் பெண்கள் 'நேர்த்தியான', 'கரடுமுரடான' என்று அகராதி பார்க்கவில்லை. இளசு, முத்தல் என்றார்கள். தோட்டத்தில் மரக்கறி வளர்த்த அனுபவத்திலிருந்து எடுத்த இரண்டு சொற்கள். இதைவிடத் துல்லியமாக எந்தக் கலைச்சொற் குழுவும் செய்திருக்க முடியாது.

தேயிலையைச் சுவைத்து விலை சொல்பவர்களுக்கு என்று தனிப் பெயரடைகள் இருக்கின்றன. பிரைட், பிரிஸ்க், ஃப்ளெட், டல் என்று. ஊவாத் தேயிலையின் பெயர் உலகச் சந்தையில் நிற்பதற்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரையான பருவமே காரணம். தென்மேற்குப் பருவக்காற்று மலைத்தொடரின் மேற்குச் சரிவிலே மழையைக் கொட்டிவிட்டு, எங்கள் பக்கம் வறண்ட கச்சானாக வீசும். வாட்டத்தில் கொழுந்து மெதுவாக வளரும். அப்போது ஒரு தனி மணம் சேரும். அந்த மணத்தில் மெதைல் சலிசிலேற்று என்ற பொருளுக்குப் பெரிய பங்குண்டு என்று இரசாயன ஆய்வாளர் காட்டியிருக்கிறார்கள். தைலத்தில் வரும் மணமும் அதுவே. அந்தத் தேநீரைத்தான் 'பிரிஸ்க்' என்பார்கள். அகராதியைப் பார்த்துச் 'சுறுசுறுப்பான தேநீர்' என்று எழுதினால் சிரிப்பு வரும். 'ஃப்ளெட்' என்பதைத் 'தட்டையான' என்றால் அதுவும் வீண். சப்பென்று இருக்கிறது என்றால் யாருக்கும் விளங்கும். அப்படியானால் 'பிரிஸ்க்' என்பது சப்பென்று இராதது, நாவை எழுப்புவது. எங்கள் வீட்டில் 'கடுப்பு' என்பார்கள். நான் அந்தச் சொல்லையே பயன்படுத்துவேன். ஆனால் ஒரு வேடிக்கை. அந்தக் கடுப்பு உள்ள முதல்தரத் தேயிலை கொழும்பு ஏலத்துக்குப் போய்விடும். பெயரடைக்கு உரிய சுவையை, அதை விளைவித்தவர்கள் நாவில் பட்டு அறிந்தது குறைவு.

இனி அந்த 'ஸென்ட் பேக்' என்ற வாக்கியத்துக்கு வருகிறேன். இளைய நேயர்களுக்காகச் சில செய்திகளை நினைவூட்ட வேண்டும். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர் என்று கணக்கிட்டு, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிகுதி ஒன்றரை இலட்சம் பேரை 1974ஆம் ஆண்டு சரிபாதியாகப் பங்கிட்டார்கள். தாமாக விரும்பி விண்ணப்பித்தவர்களும் இருந்தார்கள். வேறு வழி இல்லாமல் கையெழுத்து வைத்தவர்களும் இருந்தார்கள். பதுளையிலும் பண்டாரவளையிலும் ஹப்புத்தளையிலும் வண்டி ஏறி, இடையில் வண்டி மாறி, தலைமன்னாருக்குப் போய், கப்பலில் இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமுக்குப் போனார்கள். அந்தக் கப்பற் சேவை 1984ஆம் ஆண்டு நின்றது. இங்கே எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் பிரஜாவுரிமை வழங்கியது.

இந்த வரலாற்றில் 'பேக்' எங்கே இருக்கிறது? பசறையிலே பிறந்தவர், மடுல்சீமையிலே பெண் கட்டியவர், நமுனுகுலை மலையைத் தவிர வேறு பெரிய மலை அறியாதவர், இராமேஸ்வரத்துக்கு எப்படித் திரும்ப முடியும்? ஒருமுறையாவது புறப்பட்ட இடத்துக்குத்தானே திரும்புவது? பாட்டன் புறப்பட்டார், பேரன் திரும்புகிறான் என்று அந்தச் சின்ன வால் மூன்று தலைமுறையை ஒரே ஆளாக்கிவிடுகிறது.

அம்மையாரின் சிக்கல் இதுதான். ஸ்பானியத்தில் ஒருவர் தாமே திரும்புவது 'வொல்வேர்'. ஒன்றைத் திருப்பிக் கொடுப்பது 'தெவொல்வேர்'. இரவல் வாங்கிய புத்தகத்தையும் பழுதான சாமானையும் திருப்பிக் கொடுக்கும் சொல் அது. "மனிதருக்கு அதை எழுதினால் பொதி போல ஆகிறது. முதற் சொல்லை எழுதினால் பொய்யாகிறது" என்றார்.

தமிழிலும் அதே பிரிவு இருக்கிறது என்று நான் சொன்னேன். திரும்பு என்பது தன்வினை. திருப்பு என்பது பிறவினை. நடுவில் ஓர் எழுத்துத்தான் வலிக்கிறது. தமிழ்நாட்டு அரசின் ஆவணங்களில் இம்மக்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். கௌரவமான பெயர்தான், வரவேற்கும் எண்ணத்தில் வைத்த பெயராகவும் இருக்கலாம். ஆனால் அந்தத் தன்வினை, இவர்கள் தாமாகவே வந்தார்கள் என்று சொல்கிறது. தாயகம் என்ற சொல், பிறந்த மண் அதுவே என்று சொல்கிறது. 'திருப்பி அனுப்பப்பட்டோர்' என்று எழுதியிருந்தால், அனுப்பியது யார் என்ற கேள்வி எழும். நீலகிரியிலே குடியேறிய அந்த மக்களை ஊரார் 'சிலோன்காரர்' என்று அழைத்தார்கள் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். எங்கிருந்து வந்தவர்கள் என்பதில் ஊராருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

"உங்கள் மக்கள் இதை எப்படிச் சொல்வார்கள்?" என்று அம்மையார் கேட்டார். வண்டி தெமோதரை வளைவைச் சுற்றிக்கொண்டிருந்தது. அங்கே பாதை ஒரு வட்டம் போட்டு, தான் கடந்துவந்த நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கம் வழியாகப் போகும். நான் என் அப்பாயியை நினைத்துக்கொண்டேன்.

என் பெரியப்பா குடும்பம் எழுபதுகளின் நடுவில் போய்விட்டது. பெரியப்பாவுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. என் தகப்பனாருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்தது. ஒரே காம்பராவில் பிறந்த அண்ணனும் தம்பியும் இரண்டு நாடாகிப் போனார்கள். பதுளை நிலையத்துக்கு எல்லோரும் போயிருந்தோம். அழுகைச் சத்தத்தில் வண்டியின் ஊதல்கூடச் சரியாகக் கேட்கவில்லை. மலையகத்தார் அந்த வண்டிக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் வைத்தார்கள். எழுத்தாளர் மு. சிவலிங்கம் தம் சிறுகதைத் தொகுதி ஒன்றுக்கு அந்தப் பெயரையே சூட்டினார்.

பல ஆண்டுகள் கழித்து, நான் ஆசிரியனான பின், ஒரு நாள் அப்பாயியிடம் பேச்சோடு பேச்சாக, "பெரியப்பா போன வருசம் எது அப்பாயி?" என்று கேட்டேன்.

"போனான்னு சொல்லாத ராசா. ஏத்திவிட்டாங்கன்னு சொல்லு" என்றார்.

"யாரு அப்பாயி ஏத்திவிட்டாங்க?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார். "அவுங்கதான் ஏத்திவிட்டாங்க. நாமளுந்தான் போயி ஏத்திவிட்டோம்."

அந்த இரண்டு 'ஏத்திவிட்ட'தும் ஒன்றா? ஊருக்குப் போகும் உறவினரைப் பேருந்து வரை போய், மூட்டையைத் தூக்கிக் கொடுத்து, கையசைத்து அனுப்புவது ஏற்றிவிடுவது. லொறியிலே சாக்கைத் தூக்கிப் போட்டு அனுப்புவதும் ஏற்றிவிடுவதுதான். அரசாங்கம் செய்ததும் தாய் செய்ததும் ஒரே வினையில் வந்து சேர்ந்துவிட்டன. அப்பாயி அந்த வேறுபாட்டை அறியாமல் பேசினார் என்று நான் நினைக்கவில்லை. தன் கையாலும் ஒரு மூட்டையை உள்ளே கொடுத்தோம் என்ற வேதனை அவருக்கு இருந்தது.

இதை அம்மையாருக்கு ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்ல முயன்றேன். எனக்குக் கிடைத்தது 'ஸீ ஒஃப்' என்ற தொடர்வினை. வழியனுப்புவது என்பது அதன் பொருள். சொல்லிய பிறகுதான் உறைத்தது. நுழைந்தவனை விரட்டியடிப்பதற்கும் ஆங்கிலத்தில் அதே 'ஸீ ஒஃப்'தான். அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "எங்களிடமும் ஒன்று இருக்கிறது" என்றார். 'தெஸ்பெதிர்' என்பது அந்தச் சொல். நிலையத்துக்குப் போய்ப் பிரியாவிடை கொடுப்பதும் 'தெஸ்பெதிர்'. ஒருவரை வேலையிலிருந்து நீக்கி அனுப்புவதும் 'தெஸ்பெதிர்'. தோட்டத்திலே பேர் வெட்டியதையும் நிலையத்திலே கை அசைத்ததையும் ஸ்பானியர் ஒரே சொல்லால் சொல்லிவிடலாம்.

மூன்று மொழிகளில் மூன்று சொற்கள். மூன்றிலும் அன்பும் துரத்தலும் ஒரே கூரையின் கீழ். அகராதியில் 'பேக்' என்ற சொல்லுக்கு நேரே இவற்றில் எதையும் காணமாட்டீர்கள்.

பதுளை நிலையத்தில் இறங்கும்போது அவர் தம் வாக்கியத்தை மாற்றியிருந்தார். ஆங்கிலத்தில் ஒன்றாக இருந்தது ஸ்பானியத்தில் மூன்றாகியிருந்தது. இரு அரசாங்கங்கள் அவர்களைப் பங்கிட்டன. சிலர் தாமே போனார்கள், பலர் ஏற்றப்பட்டார்கள். பெரும்பாலானோர் அந்த நாட்டை முன்பு கண்டதில்லை. மூலத்தைவிட நீண்டுவிட்டதே என்று கவலைப்பட்டார். எனக்கு அந்தக் கவலை இல்லை. மூலம் ஒரு வாலுக்குள் மறைத்ததை அவர் வெளியே எடுத்து வைத்திருந்தார்.

மலையக இலக்கியத்தில் மொழிபெயர்ப்பு எங்களுக்குப் புதிதன்று. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்துத் தமிழ் வாழ்வை ஆங்கிலக் கவிதையாக எழுதினார். அதைச் சக்தி அ. பாலையா 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். தமிழில் கேட்ட துயரம் ஆங்கிலத்துக்குப் போய் மறுபடி தமிழில் வந்து இறங்கியது. அதைத்தான் உண்மையான திரும்புதல் என்பேன். புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது அல்லவா?

இன்று ஊவாவிலிருந்தும் மற்றைய மலையகப் பகுதிகளிலிருந்தும் ஆங்கிலம் நன்கு கற்ற இளைஞர்கள் பலர் வந்திருக்கிறார்கள். எங்கள் கதைகளை ஆங்கிலத்திலும், எங்களைப் பற்றிப் பிறர் எழுதியவற்றைத் தமிழிலும் தரவேண்டியவர்கள் அவர்களே. அவர்களுக்கு ஒரு பழைய ஆசிரியனின் வேண்டுகோள் இதுதான். பெரிய சொல்லில் நின்று யோசிப்பது போலவே சின்னச் சொல்லிலும் நில்லுங்கள். ஒரு வினை வந்தால், செய்தவர் யார், செய்யப்பட்டவர் யார் என்று கேளுங்கள். ஓர் ஏவல் வந்தால், யார் யாரை எந்தப் படியில் நின்று அழைக்கிறார் என்று கேளுங்கள். ஒரு பெயரடை வந்தால், அதை யார் வாய் சொல்கிறது என்று கேளுங்கள். அகராதியில் விடை கிடைக்காத இடத்தில், லயத்துத் திண்ணையில் இருக்கும் ஓர் அப்பாயியிடம் போய்க் கேளுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.

என் பெரியப்பா பிறகு வரவில்லை. ஆகவே அவர் திரும்பினார் என்று நான் எந்த மொழியிலும் எழுதமாட்டேன்.